கோடைக் கடைசியில் குவியும் பூசணியும் பரங்கியும்

தை மாதத்தில் ஊன்றிய கொடி பங்குனியில் பிஞ்சு விடுகிறது. முதற் பிஞ்சுக்கு வீட்டில் மகிழ்ச்சியும் சந்தையில் நல்ல விலையும் உண்டு. வைகாசியிலோ நிலைமை அடியோடு மாறிவிடும். ஒரே சமயத்தில் விதைத்த கொடிகளெல்லாம் ஒரே சமயத்தில் முற்றுகின்றன. அண்டை வீட்டாருக்கு இனாமாகக் கொடுக்கலாமென்றால் அவர்கள் கொல்லையிலும் அதே காய் கிடக்கிறது. வியாபாரி கேட்கும் விலை வண்டிக் கூலிக்குக்கூடப் போதாமற் போகிறது.

கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த கோட்டுச்சேரிமேடு போன்ற கடலோரக் கிராமங்களில் இக்கஷ்டம் இன்னும் கடுமையானது. அங்கே மீன்பிடிப்பே பிரதான தொழில்; கொல்லைப் பயிர் உபதொழில். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. சித்திரை, வைகாசி மாதங்களாகிய இந்நாட்களில்தான் காயும் குவிகிறது. கையில் பணமில்லாத வேளையில் கொல்லையில் சரக்கு மிகுந்திருந்தால், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவது மனித இயல்பு. ஆகவே, காயை மலிவாக விற்கச் செய்வது காயின் மிகுதி மட்டுமன்று. வீட்டின் பண முடையும் சேர்ந்தே அவ்வாறு செய்விக்கிறது. சங்கத்தின் அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்தல் அவசியம்.

காயின் குணம்

குளிர் தேசங்களில் வீட்டுத் தோட்டங்களில் பயிராகும் ஸுக்கினி என்னும் காய், பரங்கியின் நெருங்கிய இனம். அதைப் பிஞ்சாகவே பறிப்பார்கள், தோல் மெல்லியது, சில நாட்களிலேயே வதங்கிவிடும். பருவக் கடைசியில் அது மிகுந்துவிட்டால் உடனே தின்னவோ, பதம் செய்யவோ வேண்டியதுதான். நம் நாட்டுப் பரங்கியும், கல்யாணப் பூசணி எனப்படும் சாம்பற் பூசணியும் அவ்விதமானவை அல்ல. நன்றாக முற்றிய பின் அவற்றின் தோல் கடினப்படுகிறது. சாம்பற் பூசணியின் மேல் மெழுகுப் பூச்சும் படிகிறது. இத்தோலும் மெழுகும் உள்ளிருக்கும் நீரைக் காத்து, அழுகச் செய்யும் கிருமிகளையும் தடுக்கின்றன. எனவே, முற்றிய காயைப் பறித்த வாரத்திலேயே விற்றாக வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

மூன்று குவியல்

பறித்தவுடன் காய்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதற் குவியல் இளங்காய். பீர்க்கு, புடல், சுரை ஆகியவையும் இதில் அடங்கும். இவை வைத்திருக்கத்தக்கன அல்ல. அன்றாடம் சமையலுக்கும் சந்தைக்கும் போகவேண்டும். இவற்றை முற்றவிடாமல் இரண்டு நாளைக்கொருமுறை பறித்து வந்தால் கொடி தொடர்ந்து காய்க்கும். சுரையோ பீர்க்கோ கசந்தால் அதை உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. அக்கசப்பு நஞ்சு, சமைத்தாலும் நீங்காது.

இரண்டாவது குவியல் முற்றிய, காயம் படாத பூசணியும் பரங்கியும். நகத்தால் கீறினால் தோல் எளிதில் இடங்கொடாது. பரங்கியின் காம்பு காய்ந்து கட்டை போலிருக்கும். சாம்பற் பூசணியின் மேல் வெண்ணிறப் பொடி நன்கு படிந்திருக்கும். இவை சேமிப்புக்கு உரியவை.

மூன்றாவது குவியல் முற்றியும் காயம் பட்டவை, காம்பு ஒடிந்தவை. இவற்றை ஒரு வாரத்துக்குள் சமையலுக்கோ வடகத்துக்கோ செலவிட வேண்டும். எஞ்சியதில் அழுகாத பகுதியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மற்றத் தீனியுடன் அளவாகக் கலந்து மாடுகளுக்கு இடலாம். பெருந் துண்டுகள் மாட்டின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சேமிக்கும் விதம்

காயைக் கொடியிலிருந்து திருகாமல், ஒரு விரல் நீளக் காம்பு விட்டுக் கத்தியால் அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. காம்பு பெயர்ந்த இடத்திலேதான் அழுகல் தொடங்குகிறது. பரங்கியை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை, மழை படாத, காற்றோட்டமுள்ள வெப்பமான இடத்தில் வைத்துப் பதப்படுத்தினால் தோல் இறுகும். பிறகு நிழலான கொட்டகையில் மூங்கிற் பரண் மேலோ, உலர்ந்த வைக்கோல் மேலோ ஒன்றையொன்று தொடாதவாறு ஒரே வரிசையாய் அடுக்க வேண்டும். ஈரத் தரை ஆகாது. சாம்பற் பூசணியின் மேலுள்ள பொடியைத் துடைக்கலாகாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு காயையும் பார்த்து, மெத்தென்றிருப்பதை அப்புறப்படுத்த வேண்டும். இவ்விதம் வைத்தால் நல்ல காய் இரண்டு மூன்று மாதங்கள் கெடாமலிருக்கும்.

இக்காலக் கணக்கு கவனிக்கத்தக்கது. வைகாசிக் கடைசியில் பறித்த காய் ஆனி முகூர்த்தங்களுக்கு ஒரு பகுதியும், ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்களுக்கு மற்றொரு பகுதியுமாக விற்கலாம். திருநள்ளாற்றுக்கு வரும் யாத்திரிகர்களால் அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கும் காய் எப்பொழுதும் தேவைப்படுகிறது. பிற்பாடு விலை ஏறியே தீரும் என்று உறுதி சொல்வதற்கில்லை. ஆயினும், எல்லோரும் விற்கும் வாரத்தில் விற்காதிருப்பதே ஒரு லாபம்.

வடகம்

1 கிலோ உளுந்தை ஊறவைத்துக் கெட்டியாக அரைத்து, சுமார் 2 கிலோ பூசணித் துருவலை உப்பிட்டுப் பிழிந்து அதனுடன் சேர்க்க வேண்டும். பச்சைமிளகாயும் பெருங்காயமும் கூட்டிச் சிறு உருண்டைகளாகக் கிள்ளி வைத்து, கல்லைப் போல் காயும்வரை உலர்த்த வேண்டும். பிழிந்த நீரை மோரில் கலந்து பருகலாம். கருவாடு உலர்த்திப் பழகிய கடற்கரைப் பெண்களுக்கு வெயிலின் போக்கைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. ஆனால், வடகத்தின் பாயைக் கருவாட்டுத் தளத்துக்குத் தூரமாகப் போட வேண்டும். வாடை ஏறினால் விலைபோகாது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால், பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வடகத்தை வெளியாருக்கு விற்கக் கருதினால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன்படி பதிவு செய்துகொள்ளுதல் அவசியம்.

அழுகிய காய்

விலைபோகாத காயைக் கொல்லையிலேயே அழுகவிடுவது வருங்காலத்துக்குச் செய்யும் கெடுதியாகும். பழ ஈ காயினுள் முட்டையிடுகிறது. புழு காயைத் தின்று வளர்ந்து மண்ணில் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாகப் புறப்படுகிறது. ஒருவர் கொல்லையில் விட்ட அழுகற் காய், பத்துக் கொல்லைகளின் அடுத்த பருவத்தைக் கெடுக்கும். ஆகையால் சொத்தைக் காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். ஆண் ஈக்களைக் கவரும் கியூலூர்ப் பொறிகளைப் பற்றிக் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் கேட்டறியலாம்.

சங்கம் செய்யக்கூடியது

1904-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனை முதலிய பிற காரியங்களுக்கும் வழி திறந்தது. காரைக்கால் அப்பொழுது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அச்சட்டங்கள் அங்கே செல்லவில்லை. பின்னர்ப் புதுச்சேரிக்கென 1972-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் ஏற்பட்டது. கூட்டு விற்பனையால் விளையும் நன்மைக்கு உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. 1935-இல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம், மலைக் குடியானவர்களின் உருளைக்கிழங்கையும் காய்கறிகளையும் மேட்டுப்பாளையத்தில் ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் ஸ்தாபனமாக வளர்ந்தது.

சிறிய சங்கமும் தன் அளவில் இதைச் செய்யலாம். இருபது அங்கத்தினர் ஆளுக்குப் பதினைந்து காய் கொண்டுவந்தால் 300 காய்; காய் ஒன்று 5 கிலோ என்றால் 1,500 கிலோ. இருபது பேர் இருபது முறை கூலி கொடுப்பதற்குப் பதிலாக, இரண்டு நடை சிறு லாரியில் சரக்குப் போய்ச் சேரும். தரம் பிரித்து எடை போட்டு ரசீது கொடுத்தால், மொத்த வியாபாரியும் மரியாதையாக விலை பேசுவான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முன்பணம். வீட்டில் அரிசி வாங்கப் பணம் இல்லாதவரிடம் ஆவணி வரை காத்திருக்கச் சொல்வது வீண் உபதேசம். சங்கக் கொட்டகையில் ஒப்படைத்த நல்ல காய்க்கு, அன்றைய விலையில் பாதிக்கு மேற்படாமல் முன்பணம் கொடுத்து, விற்றபின் கணக்குத் தீர்க்கலாம். காய் கெடக்கூடிய பொருளாதலால் பாதிக்கு மேல் கொடுப்பது சங்கத்துக்கு ஆபத்து. கெட்ட காயின் நஷ்டத்தை எவ்விதம் பகிர்ந்துகொள்வது என்பதை ஒப்படைக்குமுன்பே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும். பின்னர் எழும் மனஸ்தாபங்களில் பெரும்பாலானவை எழுதாத ஏற்பாட்டால் விளைபவை.

பொதுக்கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. சென்ற வைகாசியில் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை காய் விற்றது, எத்தனை அழுகியது?

2. நனையாத, காற்றோட்டமுள்ள கொட்டகை யாரிடம் உள்ளது? அதற்கு வாடகை என்ன?

3. முன்பணத்துக்கு என்று சங்கம் எவ்வளவு தொகை ஒதுக்க முடியும்?

4. வரும் தையில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்காமல், பதினைந்து நாள் இடைவிட்டு மூன்று பிரிவாக விதைக்க யார் யார் சம்மதிப்பார்கள்?

நான்காவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், மற்ற மூன்றின் பாரமும் பாதி குறைந்துவிடும்.