மண்ணின் மரபு

பொதியமலையிற் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கை, ஆற்று வண்டல் படியப் படியக் கடலினின்று விலகி உள்நாட்டூர் ஆயிற்று. முகத்துவாரச் சேற்றில் இலை, வேர், பாசி முதலியன மட்கிக் கலந்துள்ளன. அம்மட்கு மலைத்தழையோ, கரையோர அலையாத்தி மரங்கள் உதிர்த்ததோ, கடலின் நுண்பாசியோ? கண்ணால் அறிதல் அரிது.

இவ்வையம் தீர்க்கத் துணைபுரிவது அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்செல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றொளி நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலனாகாத இக்கதிரைக் கண்டறிந்தார். பொருள்களின் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் ஓயாது அதிர்வன. ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்கு ஒத்த கதிரையே உட்கொள்ளும். ஆதலின், மண்ணிற் பட்டு மீளும் கதிரில் எவை குறைந்தன என நோக்கின், மண்ணிலுள்ள பொருள்கள் புலனாகும்.

மரத்திற்கு உறுதி தருவது லிக்னின். அது, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1510 அலைகள் அமைந்த கதிரை உட்கொள்ளும். நுண்பாசியில் லிக்னின் இல்லை. அக்குறி மிகுந்த மட்கு மரஞ்செடிகளின் வழிவந்தது எனக் கருதலாம். மலைமரமோ அலையாத்தியோ எனப் பிரித்தறிய, அவற்றின் இலை, வேர்களையும் ஆய்ந்து ஒப்பிடல் வேண்டும்; மட்குங்கால் குறிகள் மாறுதலின் பிற சோதனைகளும் வேண்டும்.

சேற்றின் வளம் அலையாத்தியின் கொடை எனத் தெளியின், அம்மரத்தை வெட்டுவோர் அவ்வளத்தின் வேரையே அறுப்பவராவர். மண்ணின் பிறப்பறிதல் அதனைப் பேணுதற்கு முதற்படியாகும்.