சிறு வணிகரும் சட்டமும்: எழுத்தும் நாளும்

நம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றிற்கு உழவே நெடுங்காலமாக முதன்மைத் தொழிலாக இருந்து வந்தது. நிலத்தோடு ஒட்டி நெல் வாணிபமும், அதைத் தொடர்ந்து அரிசி மண்டி, ஜவுளிக் கடை, மளிகை, பாத்திரக் கடை, மருந்துக் கடை என்று சிறு வணிகங்களும் நம்மவரிடையே பெருகின. இவ்வணிகங்களின் முதலீடு பெரும்பாலும் குடும்பச் சேமிப்பு; வேலையாட்கள் பெரும்பாலும் உறவினர்; வாடிக்கையாளர் பெரும்பாலும் தெரிந்தவர். ஆகவே எதையும் எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. “மைத்துனரிடம் போய்ப் பத்திரம் கேட்பதா?” என்ற கூச்சம் ஒருபுறம், “கேட்டால் தராமலா போய்விடுவார்?” என்ற நம்பிக்கை மறுபுறம். இக்கூச்சமும் நம்பிக்கையும் குடும்பப் பண்பின் அடையாளங்களே. எனினும் சிறு வணிகர் நீதிமன்றத்தில் தோற்பது பெரும்பாலும் நியாயம் தம் பக்கம் இல்லாமையால் அன்று. எழுத்து இல்லாமையாலும், நாள் கடந்து போனமையாலுமே ஆகும். இவ்விரண்டையும் பற்றியே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதலில் பங்கு வணிகத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, அவர்களுடைய மைத்துனர் ஆகிய மூவர் சேர்ந்து ஒரு நெல் மண்டி தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 6 இலட்சம், தம்பி 3 இலட்சம் முதல் போடுகின்றனர். மைத்துனர் பணம் போடவில்லை. நாள்தோறும் மண்டியில் இருந்து கொள்முதலைக் கவனிப்பவர் அவரே. பத்திரம் எழுதவில்லை. மூன்றாண்டுகள் கழித்து இலாபப் பங்கீட்டில் மனக்கசப்பு நேருகிறது. முதலுக்கு ஏற்பவே பங்கு என்கிறார் அண்ணன். உழைப்புக்குத் தனியாகச் சம்பளம் வேண்டும் என்கிறார் மைத்துனர். சட்டம் என்ன சொல்கிறது?

1932-ஆம் ஆண்டின் இந்தியப் பங்காண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபம் அனைவருக்கும் சமபங்கு; நட்டமும் அவ்வாறே. முதல் அதிகம் போட்டவருக்கு அதிகப் பங்கு இல்லை. முதலுக்கு வட்டியும் இல்லை. வணிகத்தை நடத்தியவருக்குச் சம்பளமும் இல்லை. முதலுக்கு மேற்பட்டு யாரேனும் முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் நூற்றுக்கு 6 வீதம் வட்டி உண்டு. ஆக, மேற்சொன்ன வழக்கில் அண்ணன் கேட்பதும் கிடைக்காது, மைத்துனர் கேட்பதும் கிடைக்காது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பம் இட்டிருந்தால் இருவர் விருப்பமும் நிறைவேறியிருக்கலாம்.

பத்திரம் எழுதினால் போதுமா, பதிவும் செய்ய வேண்டுமா என்பது அடுத்த வினா. பதிவு கட்டாயம் இல்லை என்று சிலர் கூறுவர், அது உண்மையே. ஆனால் அச்சட்டத்தின் 69-ஆம் பிரிவை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். பதிவு பெறாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமையை நிலைநாட்ட வெளியாள் மீது வழக்குத் தொடுக்க இயலாது. சரக்கை வாங்கிச் சென்றவர் பணம் தரவில்லையென்றால், நிறுவனத்தின் பெயரால் நீதிமன்றம் செல்லக் கதவு அடைபட்டிருக்கும். ஆனால் அந்த வெளியாள் நம் மீது வழக்குத் தொடுக்கத் தடை ஏதும் இல்லை! அன்றியும், பதிவு பெறாத நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் மற்றொருவர் மீது தம் உரிமைக்காக வழக்காடவும் இயலாது. நிறுவனத்தைக் கலைக்குமாறும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைத் தருமாறும் மட்டுமே கேட்கலாம்.

“தேவை வரும்போது பதிந்துகொள்வோம்” என்போரும் உளர். வழக்குத் தொடுக்கும் நாளன்றே பதிவு இருத்தல் வேண்டும். தொடுத்த பின் பதிந்தால் அவ்வழக்கின் குறை நீங்குவதில்லை. வழக்குத் தொடுக்கும் பங்குதாரர்களின் பெயர்கள் பதிவேட்டில் காணப்படுதலும் வேண்டும். தந்தை காலத்தில் பதிந்த நிறுவனத்தில் மகன் சேர்ந்திருப்பான். பதிவேட்டிலோ தந்தையின் பெயரே இருக்கும். நம் மாநிலத்தில் மாவட்டப் பதிவாளரே நிறுவனப் பதிவாளராகவும் செயல்படுகிறார். பழைய நிறுவனம் வைத்திருப்போர் ஒருமுறை பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்துக்கொள்வது நலம்.

பெண்களைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். தாயையோ மனைவியையோ மருமகளையோ பெயரளவில் பங்குதாரராகச் சேர்ப்பது நம் வீடுகளில் வழக்கமாக உள்ளது. அவர்கள் கடைப்படி ஏறியும் இருக்க மாட்டார்கள். ஆனால் 25-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். பெயருக்குப் பங்குதாரர் என்ற ஒரு வகையைச் சட்டம் அறியாது. தாய்வீட்டார் கொடுத்த நிலமும் நகையும் கூட அக்கடனுக்கு ஈடாகக் கூடும். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இடுவோர் நிலையும் இதுவே. கடன் பெற்றவரிடம் வசூலிக்க முயன்று தோற்ற பின்னரே ஜாமீன்தாரரிடம் வருவர் என்பது தவறான எண்ணம். இருவர் பொறுப்பும் ஒத்ததே என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். வீட்டுப் பெண்களிடம் கையொப்பம் வாங்கும் முன் இதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுதல் நம் கடமை என்று கருதுகின்றோம். விளக்கினால் சிலர் மறுக்கக் கூடும். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

பங்கிலிருந்து விலகுவோரும் கவனிக்க வேண்டும். வீட்டில் பேசிப் பிரிந்துவிட்டால் விலகல் முடிந்துவிடுவதில்லை. விலகல் குறித்துப் பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை, அவரைப் பங்குதாரர் என்று அறிந்து வரவுசெலவு செய்வோரிடம் அவர் பொறுப்புத் தொடரும். பதிவு பெற்ற நிறுவனமாயின் பதிவாளருக்கும், அரசிதழிலும், அம்மாவட்டத்தில் உலவும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலுமாக அறிவிப்புத் தர வேண்டும். இளவயதினரைப் பங்கின் பயனில் மட்டும் சேர்த்திருந்தால், அவர் உரிய வயது எய்திய 6 மாதத்திற்குள், தாம் பங்குதாரராவதா இல்லையா என்று அறிவித்தல் வேண்டும். பேசாதிருந்தால் முழுப் பங்குதாரராகிவிடுவார். கடன் பொறுப்பும் கூடவே வந்து சேரும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்குமா?

இனி வரவேண்டிய பாக்கிக்கு வருவோம். வணிகரின் உறக்கத்தைக் கெடுப்பது இதுவே.

கடனுக்குச் சரக்கு விற்றால், தவணை குறிக்காதவிடத்து, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தவணை குறித்திருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். கைமாற்றாகக் கொடுத்த பணத்திற்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும், நாம் கேட்ட நாளிலிருந்து அன்று, நோட்டில் உள்ள நாளிலிருந்தே காலம் ஓடுகிறது. இவை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் விதிகள். “அடுத்த அறுவடைக்குத் தருகிறேன்” என்ற வாய்மொழியை நம்பி மூன்று அறுவடை காத்திருப்போர் பலர். கடன்பட்டவர் ஏமாற்றுக்காரராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கே விளைச்சல் பொய்த்திருக்கலாம். ஆயினும் காலம் நிற்பதில்லை.

வழக்குத் தொடுக்க மனமில்லாதோர்க்குச் சட்டமே ஒரு வழி வைத்துள்ளது. 3 ஆண்டுகள் முடிவதற்குள், “இன்ன தேதி வரை இவ்வளவு பாக்கி உள்ளது” என்று கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பம் இட்டால், அந்நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். பாக்கியில் ஒரு பகுதியைச் செலுத்தினாலும் அவ்வாறே; ஆனால் செலுத்தியதற்கு அவர் கைப்பட எழுதியதோ அவர் கையொப்பமிட்டதோ சான்றாக இருக்க வேண்டும். நம் பேரேட்டில் நாமே வரவு வைத்துக்கொள்வது இதற்குப் போதாது. ஆகவே ஆண்டுக்கொரு முறை கணக்கு முடிக்கையில் ஒவ்வொரு பாக்கிதாரருக்கும் பற்றுவரவுச் சீட்டு அனுப்பி, “சரி” என்று கையொப்பம் பெற்று வைப்பது நல்ல பழக்கம். கணக்கு முடிப்பின் பொருட்டு அனைவரிடமும் கேட்பதால், எவரும் தம்மை ஐயுற்றதாக வருந்தமாட்டார். காலம் கடந்துவிட்ட கடனும் முற்றிலும் போய்விட்டதன்று. அதைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வுறுதிமொழி ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி செல்லும்.

கணக்குப் புத்தகத்தைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்கிக்கொள்வோம். முறையாக எழுதப்பட்ட நாள்வழியும் பேரேடும் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அது மட்டுமே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதாது. பழைய சாட்சியச் சட்டம் இவ்வாறு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதையே கூறுகிறது. சரக்கு இறங்கியபோது பெற்ற கையொப்பச் சீட்டு, லாரி ரசீது, ஜி.எஸ்.டி. விவரமுள்ள பட்டியல் ஆகியன உடனிருத்தல் வேண்டும். பட்டியல் இல்லையென்பதற்காகப் பின்தேதியிட்டு ஒன்றை உருவாக்குவது சட்டப்படி குற்றம். நம் நூல்களிலும் பொய்ப் பத்திரம் எழுதுதல் வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது.

காசோலை பெற்றிருப்போர் கணக்கிட வேண்டியவை மாதங்களும் நாட்களும். காசோலையில் உள்ள தேதியிலிருந்து 3 மாதங்களுக்குள் அதை வங்கியில் செலுத்த வேண்டும். முன்பு 6 மாதமாக இருந்தது, 2012 ஏப்ரல் முதல் குறைக்கப்பட்டது. பணமில்லை என்று திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள் உண்டு. அதன் பின் ஒரு மாதத்திற்குள் குற்றவியல் நடுவரிடம் புகார் கொடுக்க வேண்டும். வங்கியின் தகவல் மார்ச் 3-இல் கிடைத்ததாகக் கொள்வோம். ஏப்ரல் 2-க்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். ஏப்ரல் 6-இல் அவர் அதைப் பெற்றால் ஏப்ரல் 21 வரை அவருக்குத் தவணை. ஏப்ரல் 22-இலிருந்து ஒரு மாதத்திற்குள், அதாவது மே 21-க்குள் புகாரைக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. அவசரப்பட்டு அந்த 15 நாள் முடியுமுன் கொடுத்தாலும் புகார் செல்லாது.

30 நாள் தவறிவிட்டால் என் செய்வது? காசோலையின் 3 மாதக் காலம் மீதமிருந்தால் மீண்டும் வங்கியில் செலுத்தலாம். மீண்டும் திரும்பினால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். அதுவும் கடந்துவிட்டால் உரிமையியல் வழக்கே எஞ்சும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பை அவர் வாங்க மறுத்தாலும், சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். சிலர் ஆவலால் பிரித்துப் பார்த்துவிடுகின்றனர்!

இதன் மறுபக்கமும் உண்டு. மொத்த வியாபாரியிடம் ஈடாக, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பழக்கம் சிறு கடைக்காரரிடையே மிகுதி. கையொப்பம் நம்முடையது என்று ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகக் கொடுத்ததே என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தொகையை வேறொருவர் எழுதினார் என்பது மட்டும் நம்மைக் காவாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியது. தண்டனை 2 ஆண்டு வரை சிறையும், காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமும் ஆகலாம். கொடுத்தே ஆகவேண்டிய நிலையில், இன்ன எண்ணுள்ள காசோலை ஈடாக மட்டும் கொடுக்கப்பட்டது என்று ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையொப்பம் பெறுக. கணக்குத் தீர்ந்த அன்றே காசோலையைத் திரும்ப வாங்கிக்கொள்க.

கடை வாடகைக்கு இருப்போர்க்கு ஒரு செய்தி. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும். உடன்பாடு எழுதிக்கொள்ளாமையே கடையைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக அச்சட்டத்தில் கூறப்பட்டுள்ளது. “தாத்தா காலத்துக் கடை, உரிமையாளரும் நல்லவர்” என்று இருப்போர் அவர் நல்லவராக இருக்கும்போதே எழுதிக்கொள்ளட்டும். அவருடைய பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கக் கூடும். அவர்களுக்கு நம் தாத்தாவைத் தெரியாது.

எடைத் தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை பெறுதல், கடைப் பணியாளர் அமர்ந்துகொள்ள இருக்கை தருதல் (நம் மாநிலத்தில் 2021 முதல் இது சட்டம்), 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாகப் பெறாதிருத்தல் ஆகியவற்றைப் பெயரளவில் மட்டும் இங்கே குறிப்பிடுகின்றோம். குறைந்த அளவையால் விற்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் வைத்திருப்பதை அன்பர்கள் அறிவர். ஆதலின் முத்திரைத் துறையினர் வரும்வரை காத்திராமல் தராசைச் சரிபார்த்துக்கொள்வது நமக்குப் புதியதன்று.

இக்கட்டுரை பொதுவான விளக்கமே. தனி வழக்குகளுக்கு வழக்கறிஞரை அணுகுதல் வேண்டும். அணுகும்போது வாய்மொழியாகக் கதையை மட்டும் கூறாமல், பங்குப் பத்திரம், பேரேட்டு நகல், கையொப்பச் சீட்டுகள், வங்கியின் தகவல், தபால் ஒப்புகை அட்டை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்க. அன்று மாலையே, கொடுத்து மூன்றாண்டை நெருங்கும் பாக்கிகள் எவையெனப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, அவற்றுக்குச் சிவப்பு மையால் குறியிட்டு வைக்கவும்.