விழுந்த பறவை கைக்கு வர வேண்டும்

தம்பி, நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். 12 வாரக் குட்டி பாண்டி, கயிற்றில் கட்டிய இறகைக் கண்டதும் ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை நீட்டி, சிலை மாதிரி நிற்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது அது. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டரின் ரத்தத்திலேயே இருக்கிறது. நீயும் பூரித்துப்போய், "அக்கா, அக்டோபருக்கு ரெடி!" என்று எழுதியிருக்கிறாய்.

இன்னும் ரெடி இல்லைடா. பறவை இருக்கும் இடத்தைக் காட்டி நிற்பது அவன் வேலையில் பாதிதான். சுட்டு விழுந்ததைத் தேடி எடுத்து, கசக்காமல், உன் உள்ளங்கையில் கொண்டுவந்து கொடுப்பது மறுபாதி. முதல் பாதியை அவன் பிறக்கும்போதே கொண்டுவந்துவிட்டான். இரண்டாவதை நீதான் கெடுக்காமல் வளர்க்க வேண்டும். அந்த இறகு விளையாட்டையும் இன்றோடு நிறுத்து. அதிகம் ஆடினால் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் பறவை தேடப் பழகிவிடுவான்.

மறுபாதியை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு பிறந்த நமக்கு வேட்டை என்பது கேள்விப்பட்ட கதை மட்டும்தான். தெற்கு டகோட்டாவுக்கு வந்தபிறகே இதை ஒரு ஒழுங்கோடு பார்த்தேன். இங்கே ஃபெசன்ட் மாநிலப் பறவை. ஆனாலும் பூர்வீகம் ஆசியா. கொண்டுவந்து விட்டுப் பெருகிய இனம். 1919-இல் ஸ்பிங்க் கவுண்டியில் ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதித்தார்கள். முதல் சீசன் அதுதான். இப்போது அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. சேவலை மட்டும்தான் சுடலாம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. இதெல்லாம் சட்டம் போட்ட வரம்பு. இறக்கையில் அடிபட்ட சேவல் ஒன்று சம்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்து, இரண்டு நாள் கிடந்து சாவதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. நல்ல நாய் தடுக்கும். கொண்டுவரத் தெரியாத நாயோடு நீ சுடக் கிளம்புவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

உன் பக்கத்து வீட்டில் லாப்ரடார் இருக்கிறது, அதைப் பார்த்து மனம் ஒடிந்துவிடாதே. பழைய ஆங்கிலேய முறையில் பாயிண்டருக்குப் பறவையைக் காட்டுவது மட்டுமே வேலை, எடுத்து வருவதற்கு வேறு நாய். ஜெர்மனிக்காரர்கள்தான் தேட, நிற்க, நீரிலும் நிலத்திலும் எடுத்துவர என்று எல்லாவற்றுக்கும் ஒரே நாய் வேண்டும் என்று இந்த இனத்தை உருவாக்கினார்கள். ஆக, பாண்டிக்குள் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் லாப்ரடாருக்கு இருக்கிற மாதிரி அடங்காத வெறியாக இருக்காது. நாலு தடவை தவறாக நடத்தினால் சுருங்கிப்போய்விடும்.

வீட்டு நடைவழியில் ஆரம்பி. எல்லா அறைக் கதவுகளையும் சாத்திவிடு. பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொள். பாண்டியின் படுக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில், அவனுக்கும் படுக்கைக்கும் நடுவே, தரையில் உட்கார். குட்டிகள் கிடைத்ததைத் தங்கள் படுக்கைக்குத்தான் கொண்டுபோகும். போகிற வழியில் நீ இருக்க வேண்டும். அவன் பார்க்கிற மாதிரி சாக்ஸை ஆட்டி, ஆறடி தூரத்தில் உருட்டிவிடு. ஓடிப்போய்க் கவ்வுவான், கவ்வியதும் திரும்பிப் பார்ப்பான். வேறு வழி இல்லாததால் உன்னிடம்தான் வருவான்.

இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். வந்ததும் கை சாக்ஸுக்குப் போகக் கூடாது. கையை அவன் நெஞ்சுக்கடியில் கொடுத்து மெல்ல அணைத்துக்கொள். முதுகை, வால் தொடங்கும் இடத்தைச் சொறிந்துகொடு. "என் தங்கம், என்ன கொண்டுவந்தே" என்று கொஞ்சு. சாக்ஸ் அவன் வாயிலேயே இருக்கட்டும். பத்து எண்ணும் நேரத்தில் உடம்பு தளரும், காது இறங்கும், தாடை லேசாகும். அப்போது "கொடு" என்று சொல்லி வாங்கி, வாங்கிய கையோடு மறுபடி உருட்டிவிடு. கொடுத்தால் போய்விடாது, திரும்பக் கிடைக்கும் என்பதை அவன் உடம்பால் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு மூன்று முறை போதும். "இன்னும் ஒண்ணு" என்று அவன் ஏங்கும்போதே சாக்ஸை எடுத்து அலமாரியில் வைத்துவிடு. அது கண்ட நேரத்தில் கடித்து விளையாடும் பொம்மையாக ஆகிவிடக் கூடாது.

என் முதல் நாயிடம் இதைத்தான் தவறாகச் செய்தேன். அது என் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. பெருமையோடு என்னிடம் காட்டத்தான் வந்தது என்று இப்போது தெரிகிறது. நான் கத்திக்கொண்டு தோட்டம் முழுக்கத் துரத்தி, வாயைப் பிளந்து பிடுங்கினேன். இரண்டு மூன்று தடவை அப்படி. அதன்பிறகு எதை எறிந்தாலும் எடுக்கும், பத்தடி தூரம் வரை வரும், நின்று என் முகத்தைப் பார்க்கும், ஓடிவிடும். அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அதனால் உன் வீட்டுக்காரியிடமும் பிள்ளைகளிடமும் இன்றே சொல்லிவிடு: பாண்டி வாயில் எதைக் கொண்டுவந்தாலும், டிவி ரிமோட்டோ செத்த எலியோ, திட்டு கிடையாது. கூப்பிடு, கொஞ்சு, ஒரு துண்டுக் கறியைக் கொடுத்து மாற்றி வாங்கு. அவன் ஓடினால் துரத்தாதே. நீ எதிர்ப்பக்கம் ஓடு, பின்னாலேயே வருவான். துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் விளையாட்டும் வேண்டாம். சாக்ஸை இழுத்துப் பழகியவன் நாளைக்குப் பறவையையும் இழுப்பான்.

கட்டளைகளைத் தமிழிலேயே வைத்துக்கொள் என்பேன். வயலில் பத்துப் பேர் பத்து நாயை ஆங்கிலத்தில் கூவிக்கொண்டிருப்பார்கள். என் இப்போதைய நாய் மணிக்கு "வா", "பிடி", "கொடு", "நில்" என்ற நாலு சொல்தான். அடுத்தவர் கத்தல் எதுவும் அவனைக் குழப்பியதில்லை.

"வா" என்பதை வெளியில் பழக்கும்போது 20 அடி மெல்லிய கயிறு கழுத்துப்பட்டையில் இருக்கட்டும். சுண்டி இழுப்பதற்கில்லை, அவன் திசை மாறும்போது மெல்ல உன் பக்கம் திருப்புவதற்கு. "வா" என்று கூப்பிட்டுத் தண்டிப்பதோ, மருந்து ஊற்றுவதோ, கூண்டில் அடைப்பதோ கூடவே கூடாது. அப்படி ஒரு வேலை இருந்தால் நீ நடந்துபோய்த் தூக்கிக்கொள்.

நாலாவது மாதத்தில் பால் பல் விழத் தொடங்கும், ஆறாவது மாதம் வரை ஈறு வலிக்கும். அந்தக் காலத்தில் எறிந்து எடுக்கும் பயிற்சியை அடியோடு நிறுத்திவிடு. வலியோடு கவ்வினால், கவ்வுவதே வலி என்று மனசில் பதிந்துவிடும். அதுவரை புல்வெளியில் நடத்திக் கூட்டிப்போ, மோப்பம் பிடிக்கட்டும், வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரில் நீயும் இறங்கி நீந்தப் பழக்கு.

42 நிலைப்பற்களும் வந்தபிறகுதான் "பிடி" பாடம். இடுப்பு உயர மேசைமேல் நிற்கவைத்து, முதலில் கையுறை போட்ட உன் விரலை, பிறகு மரக்குச்சியை வாயில் வைத்து, தாடைக்கடியில் ஒரு விரலால் தாங்கிக்கொள். ஒரு நொடி, மூன்று நொடி, அரை நிமிடம். மெல்லாமல் துப்பாமல் நீ "கொடு" என்னும்வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு வாயில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். பார்க்கச் சலிப்பான வேலை. ஆனாலும் வயலில் பறவையை வழியில் போட்டுவிட்டு வேறு மோப்பத்துக்குப் போகாத நாய் இந்த மேசையில்தான் உருவாகிறது. காதைக் கிள்ளி வலி கொடுத்துக் கவ்வவைக்கும் ஒரு முறையும் இருக்கிறது; அனுபவம் உள்ள பயிற்சியாளர்கள் பலர் இன்றும் செய்கிறார்கள். முதல் நாய் வளர்க்கும் நீ புத்தகத்தைப் பார்த்து அதைத் தொடவே கூடாது. அளவு தெரியாமல் செய்தால் நாய்க்கு உன் கை மேலேயே பயம் வந்துவிடும்.

சாக்ஸிலிருந்து பறவைக்குப் படிப்படியாகப் போ. எறியும் கட்டையில் இறக்கை ஒன்றைக் கட்டிக் கொடு. பிறகு உறையவைத்து இளக்கிய செத்த புறா, பிறகு காடை. முதல் பறவையாகவே உயிரோடு துடிக்கும் ஃபெசன்ட் சேவலைக் காட்டிவிடாதே. அதன் காலில் நம் ஊர்ச் சண்டைச் சேவலைப் போலவே முள் உண்டு. முகத்தில் ஒரு கீறல் பட்டால் சில குட்டிகள் பறவையைத் தொடவே மறுத்துவிடும். சில குட்டிகள் பழிவாங்குவதுபோல் நசுக்கிக் கடிக்கப் பழகும்.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழக்கவென்று சுடும் பயிற்சிக் களத்துக்குக் கூட்டிப்போகாதே. நல்ல நாய்கள் பல அங்கேதான் கெட்டுப்போகின்றன. அவன் புறாவைத் துரத்திக்கொண்டு மும்முரமாக ஓடும்போது, நூறு தப்படி தள்ளி ஒருவர் சின்ன வெற்றுத் தோட்டா ஒன்றைச் சுடட்டும். காது அசையவில்லையா, அடுத்த வாரம் இன்னும் பத்துத் தப்படி கிட்டே. திரும்பிப் பார்த்துத் தயங்கினால் பின்வாங்கு, நாள் கணக்கைப் பார்க்காதே.

ஓடிப்போகும் பறவையைத் தேட, புல்லில் தடம் போட்டுப் பழக்கு. செத்த காடையை நூலில் கட்டி, காற்று உன் முதுகில் அடிக்கும்படி முப்பது தப்படி இழுத்துப்போய் விட்டுவிட்டு வா. வேறு வழியாகச் சுற்றித் திரும்ப வேண்டும், வந்த தடத்திலேயே மிதித்து வராதே. காற்று முன்னால் இருந்து வந்தால் பறவையின் வாசனை நேராக மூக்குக்கு வந்துவிடும், தடத்தைத் தொடர அவனுக்கு அவசியமே இருக்காது. நன்றாகத் தொடர்ந்தால் அடுத்த முறை ஒரு வளைவு சேர்.

இதன் பலனைப் போன நவம்பரில் கண்ணால் பார்த்தேன். இறக்கை ஒடிந்து விழுந்த சேவல் ஒன்று சம்புக்குள் புகுந்துவிட்டது. மணி உள்ளே போனான். சம்புக் கதிர்கள் ஆடுவது மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் நின்றது. கூப்பிடலாமா என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்து, நாங்கள் எதிர்பார்க்காத மூலையிலிருந்து நெஞ்சு வரை சேறோடு வெளியே வந்தான். சேவல் வாயில் உயிரோடு இருந்தது, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. ஓர் இறகுகூடக் கசங்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, "கொடு" என்று சொல்லும்வரை பிடித்திருந்தான். நான் வாங்கி உடனே அதன் வேதனையை முடித்தேன்.

முதல் சீசனில் துப்பாக்கி உன் கையில் வேண்டாம். என் வீட்டுக்காரர் சுடட்டும், நீ பாண்டியை மட்டும் பார். அவன் காட்டி நின்ற பறவையை மட்டும் சுட வேண்டும். தாழப் பறந்தால் விட்டுவிட வேண்டும், எட்டிக் குதிக்கும் குட்டி குறுக்கே வந்துவிடும். பறவை எழும்பும்போதும் வெடிக்கும்போதும் அசையாமல் நிற்க வேண்டும் என்று முதல் வருஷமே கண்டிப்புக் காட்டுபவர்கள் உண்டு. நான் காட்டமாட்டேன். ஓடட்டும், எடுக்கும் ஆசை முதலில் வேரூன்றட்டும்; அசையாமை அடுத்த வருஷப் பாடம். செத்த பறவையைக் கண்டும் அவன் எடுக்காமல் சிலையாக நின்றால் திட்டாதே, இந்த இனத்துக்கு அது இயல்பு. கிட்டே போய்ப் பறவையைக் காலால் லேசாக நகர்த்தி உற்சாகமாக "பிடி" என்று சொல். எடுத்ததைக் கொண்டுவராமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கப் போனால் முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கூப்பிடு.

ஒவ்வொரு முறை கொண்டுவந்ததும் வாய்க்குள் விரல் விட்டு இறகுத் துணுக்குகளை எடுத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் கொடு. சீசன் தொடக்கத்தில் வெயில் இருக்கும், வாயில் இறகோடு ஓடினால் சீக்கிரம் சூடேறிவிடும். வீடு திரும்பியதும் கண், காது, விரலிடுக்கு மூன்றிலும் புல் முள் ஏறியிருக்கிறதா என்று பார். நவம்பரில் மேலே பனி கட்டிய குட்டைக்குள் மட்டும் எந்தப் பறவைக்காகவும் அனுப்பாதே.

பால் பல் எல்லாம் விழுந்ததும் ஃபோன் பண்ணு. மணி பழகிய மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன்; வாடகைக்கு எதுவும் எடுத்துவிடாதே.