கமிஷனைக் கூட்டினால் சேவை விற்றுவிடுமா?

“மெஷின் விற்றவன் எதையும் விற்பான். கமிஷனைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் போதும்.” பொருள் விற்பனையிலிருந்து சேவைக்கு மாறும் நிறுவனங்களில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. இது தவறு, பணத்தையும் ஆட்களையும் சேர்த்துக் கரைக்கும் தவறு.

லிக்டன்ஸ்டைன் நாட்டின் ஹில்டி, கட்டுமான வேலைக்கான டிரில்லிங் மெஷின்களை விற்றுவந்த நிறுவனம். 2000-இல் சுவிட்சர்லாந்தில் அவற்றை மாதக் கட்டணத்துக்குத் தரத் தொடங்கியது. பழுதும் பராமரிப்பும் ஹில்டியின் பொறுப்பு. அதுவரை அதன் விற்பனையாளர்கள் கட்டடத் தளத்தில் மேற்பார்வையாளரிடம் மெஷினின் வேகத்தையும் வலுவையும் பேசிப் பழகியவர்கள். இப்போது எதிரே உட்கார்ந்தவர் நிதி மேலாளர். மெஷின் நின்றால் எத்தனை பேரின் கூலி வீணாகும், எவ்வளவு முதலீடு முடங்கும் என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல விற்பனையாளர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தர வேண்டியிருந்தது. அதைக் கமிஷனா கற்றுக்கொடுக்கும்?

கமிஷன் கணக்கே இங்கே பொருந்தாது. மெஷினுக்குப் பில் போட்டால் விற்பனை முடிந்தது. சேவையில் கையெழுத்தான பிறகுதான் வேலையே தொடங்குகிறது. முழு ஊக்கத்தொகையையும் கையெழுத்தான அன்றே கொடுத்தால், விற்றவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் விலகும்போது ஏனென்று கேட்க நாதியிருக்காது. மைக்ரோசாஃப்ட் இதைப் புரிந்துகொண்டது. வாடிக்கையாளர் அதன் கிளவுட் சேவையான அஸூரை உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதோடு விற்பனையாளரின் ஊக்கத்தொகையை இணைத்தது.

“பொருளைச் சேவையாக விற்பதெல்லாம் மென்பொருள் காலத்துப் புதுமை” என்பது இன்னொரு கதை. பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி 1962-லேயே வைப்பர் விமான எஞ்சினின் பராமரிப்புக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது.

“வருவாய் இறங்கினால் விற்பனைக் குழு தோற்றுவிட்டது” என்பதும் பிழை. சந்தா முறைக்கு மாறிய மென்பொருள் நிறுவனமான அடோபியின் ஆண்டு வருவாய் 2012-இல் சுமார் 440 கோடி டாலர். 2013-இல் சுமார் 405 கோடி. 2015-இல் சுமார் 480 கோடி. மொத்தமாக வந்த பணம் மாதாமாதம் பிரிந்து வரும்போது இடையில் இறக்கம் இருக்கத்தான் செய்யும். அதற்காக விற்பனையாளரைத் திட்டுவது அநியாயம்.

திட்டும் நேரத்தில் மேலாளர்கள் சர்வீஸ் மெக்கானிக்கைக் கவனிக்கலாம். வாடிக்கையாளரின் மெஷின் அடிக்கடி எங்கே மக்கர் செய்கிறது, அவர் எதில் மனம் வெறுத்திருக்கிறார் என்பதெல்லாம் முதலில் தெரிவது அந்த மெக்கானிக்குக்குத்தான். ஆனால் பல நிறுவனங்களில் அவருக்கு விற்பனைக் கூட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது வரும் ஊக்கத்தொகையில் அவருக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். அடுத்த நிதியாண்டு இலக்குகளை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு அவரையும் அழைக்க வேண்டும்.