மாற்றுப் பணிக்குப் போகிறவருக்கு

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அப்போது வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து பக்கத்துப் பள்ளிக்குப் போன் வரும். "நாளைக்கு ஒருநாள் அங்க மாற்றுப் பணி பார்த்துடுங்க சார்." எங்கள் பள்ளியில் அந்தப் போன் பெரும்பாலும் எனக்குத்தான். வண்டி வைத்திருக்கிறேன், முடியாது என்று சொல்லவும் தெரியாது.

போய்ப் போய் எனக்குப் பிடிபட்டது ஒன்று: அந்த வகுப்பு நம்முடையதல்ல. நாளைக்கு அவர்களுடைய டீச்சர் வந்துவிடுவார். அவர் விட்டுப்போன மாதிரியே வகுப்பைத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் வேலை. ஒரே நாளில் "எங்க டீச்சரவிட நீங்க நல்லா நடத்துறீங்க சார்" என்று பெயர் வாங்கிவிடும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஊருக்குப் போனவர் வீட்டில் ஒருநாள் தங்கிவிட்டு, பீரோவை இடம் மாற்றி வைத்துவிட்டு வருவதற்குச் சமம் அது.

எட்டரைக்கு முன்பே போய்விடுங்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு அரசு தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் காலை உணவு உண்டு. சமைப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பிள்ளைகளைப் பற்றி வருகைப் பதிவேட்டில் இல்லாத சங்கதியெல்லாம் அவர்களிடம் இருக்கும். "அந்தச் சிவப்பு ரிப்பன் பிள்ளைய அதட்டாதீங்க சார், அவங்க அம்மா ஆஸ்பத்திரில இருக்கு" என்று கிச்சடியைக் கிளறிக்கொண்டே ஓர் அக்கா சொன்னார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் அன்று பத்து மணிக்கு அந்தக் குழந்தையிடம் ஏன் வீட்டுப்பாடம் இல்லை என்று கேட்டிருப்பேன்.

வருகைப் பதிவை அவசரமாக முடிக்க வேண்டாம். வராதவனுக்குப் பதில் இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்வான். புது ஆளைச் சோதிக்கும் முதல் விளையாட்டே அதுதான். பெயரைப் படித்துவிட்டுத் தலையையும் எண்ணுங்கள். சத்துணவுக்கு அரிசி அளப்பதும் முட்டை அவிப்பதும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான்.

ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அறைதான் கடினம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அரும்பும் இருக்கும், இரண்டாம் வகுப்பில் மலரும் இருக்கும். யார் எந்த நிலை என்று பிள்ளைகளையே கேட்டால் எல்லாரும் மலர் என்பார்கள். பயிற்சி நூலை வாங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். உட்காரும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் பாயில் அந்த மூலைக்காக இரண்டு பேர் ஒரு மாதம் சண்டை போட்டிருப்பார்கள்.

புதுப் பாடம் தொடங்கவே கூடாது என்பது என் கட்சி. பாதியில் விட்டுவிட்டு வரும் பாடத்தை டீச்சர் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். அதற்குப் பதில் ஒரு கதை போதும், மூன்று நிலைக்கும் அதிலிருந்தே வேலை எடுக்கலாம். நான் வழக்கமாகச் சொல்வது, சந்தைக்குப் போக டவுன் பஸ்ஸில் ஏறிவிட்ட ஆட்டின் கதை. கண்டக்டர் டிக்கெட் கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "பெட்டை ஆடுன்னா ஃப்ரீ சார்" என்றான். வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. 2021இலிருந்து அவன் அம்மாவும் அத்தையும் சாதாரணப் பேருந்தில் காசு கொடுக்காமல் போவதைப் பார்த்து வளர்ந்தவன், கணக்குச் சரிதானே! அரும்புகள் ஆட்டை வரைந்து அடியில் 'ஆ' எழுதின. மொட்டுகள் பஸ்ஸில் என்னென்ன இருந்தன என்று ஆளுக்கு ஐந்து சொல் எழுதின. மலர்கள் கதையை முடித்தன. கணக்குக்கும் அதே ஆடுதான்: நாலு ஆடும் மூன்று ஆளும் ஏறினால் மொத்தம் எத்தனை கால்?

சத்தம் போட்டு வகுப்பை அடக்குவது பதினொரு மணி வரைதான் செல்லும். பிறகு தொண்டைதான் போகும். நான் கரும்பலகையில் பேசாமல் எதையாவது வரையத் தொடங்குவேன். என்ன வருகிறது என்று பார்க்க முன்வரிசை அமைதியாகும், பின்வரிசை தானே வரும். ஒருவர் "சார், ஒன்னுக்கு" என்றால் வரிசையாகப் பத்துப் பேருக்கு வரும். மறுக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள். இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள்.

சேட்டைக்காரனை வகுப்புத் தலைவனாக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். மாற்றுப் பணிக்கு அது ஆகாது. இன்று கொடுக்கும் பதவியை நாளை டீச்சர் பறிக்க வேண்டிவரும், பழி அவருக்கு. மிட்டாய் கொடுப்பதும் அப்படித்தான். நோட்டைத் திருத்தினால் பென்சிலில் திருத்துங்கள். சிவப்பு மை அவருடையது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் எதுவும் ஏறாது. வேப்பமரம் இருந்தால் அடியில் உட்கார்த்தி, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொல்லுங்கள். இடமதிப்பு அங்கே ஓடும்.

விடுப்பு எடுக்கும் டீச்சர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. மேசை இழுப்பறையில் ஒரு தாள் எழுதி வையுங்கள். யாருக்கு வலிப்பு வரும், யார் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் சாப்பிடுவார், யார் எந்த நிலை, சாயங்காலம் யாரை யார் கூட்டிப்போவார், யாரிடம் யாரை அனுப்பக் கூடாது. காய்ச்சல் சொல்லிவிட்டு வராது. இன்றே எழுதிவிடுங்கள்.