பழைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையரின் மின்சாரப் பகுதியைத் திருத்துதல்

கிட்டார் வாத்தியத்தின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபையர்களில் வால்வுகளை நீக்கி டிரான்ஸிஸ்டர்களை அமைத்துச் செய்தவை 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பரவலாயின. ஜப்பானிய ரோலண்டு கம்பெனியார் 1975-இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் 120 இவ்வகையிற் புகழ்பெற்றது. இத்தகைய பழங்கருவியொன்று கடல் கடந்து நம் வேளச்சேரிக்கு வந்து சேருமாயின், அதன் மின்சாரப் பகுதியைத் திருத்துமாறு யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நோக்கற்பாலது உயிர்க்காப்பாம். அமெரிக்கப் பழங்கருவிகள் சிலவற்றில் இருமுனைப் பிளக்கே உண்டு. இரைச்சலைக் குறைத்தற்பொருட்டு, மின்கம்பிக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே சிறு கண்டென்ஸர் ஒன்று வைத்திருப்பர். அது முதுமையாற் பழுதுற்று உட்கலந்தால் சட்டம் முழுவதும் மின்னேறும். கிட்டாரின் தந்திகளோ கேபிள் வழியாக அச்சட்டத்தோடு தொடர்புடையன. 1972 மே 3-ஆம் நாள், ஸ்வான்ஸீ நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கிட்டார் வித்வான், பூமியிணைப்புச் செவ்வனே இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். ஆதலின் அக்கண்டென்ஸரை அகற்றி, மும்முனைப் பிளக்கு அமைத்து, அதன் பூமிக்கம்பியைச் சட்டத்தில் இறுகப் பிணித்தல் வேண்டும். ஒலி எப்படியிருப்பினும் இஃது முன்னர்ச் செய்யத்தக்கது.

பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்துத் தாழ்ந்து கிடக்கும் வேளச்சேரியில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்ததை யாவரும் அறிவர். நீரில் நின்ற டிரான்ஸ்பார்மரைப் புறத்தே உலர்ந்தது கண்டு நம்புதல் பேதைமை. 500 வோல்ட் மெக்கரால் சுருள்களுக்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள காப்பைச் சோதித்தே துணிதல் வேண்டும்.

இனி டிரான்ஸ்பார்மர். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவிலோ 120 வோல்ட், 60 சுழற்சி. வோல்ட்டை மட்டும் குறைத்துக் கொடுத்தாற் போதும் என்பர் பலர். சுழற்சி குறையுங்கால் இரும்புள்ளகத்தின் காந்தப்பெருக்கு ஐந்திலொரு பங்கு மிகும். அளவாகச் செய்த டிரான்ஸ்பார்மர் அதனாற் கொதிக்கும். 230 வோல்ட்டுக்கும் 50 சுழற்சிக்கும் புதிதாகச் சுற்றுவித்தலே நன்று. அப்போது உள்ளே பாயும் மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகுமாதலின், 2 ஆம்பியர் பியூஸ் இருந்தவிடத்தில் 1 ஆம்பியர் இடுக.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உலர்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கண்டென்ஸரே. முழுவலை ரெக்டிபயர் நொடிக்கு 100 முறை அதனை நிரப்புகிறது. இடையில் வோல்ட் சரிகின்றது. 1 ஆம்பியர் ஓடுங்கால் 2200 மைக்ரோபாரட்டில் அச்சரிவு ஏறத்தாழ 4.5 வோல்ட்; 4700-இல் 2.1 வோல்ட். 60 சுழற்சிக்கென வகுத்த கருவியில் இங்கே சரிவு மிகுமாதலின் இம்மாற்றம் நியாயமானதே. 20,000 இட்டால் இன்னும் நன்றன்றோ எனின், அன்று. சுவிட்ச் போட்ட கணத்தில் பெருமின்னோட்டம் பாய்ந்து டயோடுகளையும் பியூஸையும் வருத்தும்.

கண்டென்ஸரின் வோல்ட் வரம்பையும் கருதுக. 28 வோல்ட் சுருள் தருவது ஏறத்தாழ 38 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டு மின்சாரம் பத்திலொரு பங்கு உயர்ந்தால் அது 42 ஆகும். 40 வோல்ட் என்று பொறித்த கண்டென்ஸர் அன்று பிழைப்பது அரிது. ரிச்சி தெருவில் 63 வோல்ட் வகை கேட்டு வாங்குக. விலையில் வேற்றுமை சிறிதே.

பழையதைக் கழற்றுமுன் பிளக்கை நீக்கி, 1000 ஓம், 5 வாட் ரெஸிஸ்டரால் அரை நிமிடம் மின்னிறக்கி, மீட்டரால் அளந்து பார்க்க. புதியன இட்டபின் நேரே மின்சாரத்தில் இணைக்கற்க. 60 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரீஸ் போர்டின் வழியே கொடுக்க. பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நன்று; ஒளிர்ந்தவாறே நின்றால் உள்ளே எங்கோ சேர்ந்திருக்கிறது. மங்கிய பின்னும் ஸ்பீக்கரை இணைத்தற்கு விரையாது, அதன் முனைகளில் நேர்மின்சாரம் எவ்வளவு என்று அளக்க. 50 மில்லிவோல்ட்டுக்கு உட்பட்டதாயின் இணைக்கலாம்.