ஒகேனக்கல்லில் கூட்டமாகப் பரிசல் ஏறுவதற்கு முன்

கல்லூரி மாணவர்களையும் குடும்பங்களையும் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போய்ப் பரிசல் பயணம் ஏற்பாடு செய்வது பல வருடங்களாக என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பரிசல் போவது வேறு, பத்துப் பரிசல் வரிசையாகப் போவது வேறு. கூட்டம் சேர்ந்தால் நீச்சல் தெரியாதவனுக்கும் தைரியம் வந்துவிடும். ஆற்றுக்குள் போன பிறகு நம்மால் செய்ய முடிவது கொஞ்சம்தான்; பாதுகாப்பு வேலையில் முக்கால்வாசி கரையிலேயே முடிந்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே பிலிகுண்டுலு நீர்வரத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுவேன். தமிழக எல்லையில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கும் இடம் அது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். வினாடிக்கு 10,000 கனஅடி என்று செய்தியில் படித்தால், ஒவ்வொரு வினாடியும் 2,80,000 லிட்டருக்கு மேல் பாறை இடுக்குகளில் முட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். தர்மபுரியில் வெயில் கொளுத்துவதை வைத்து ஆற்றை எடைபோடக் கூடாது. வயநாட்டில் மழை பெய்து கபினி நிரம்பி, அங்கேயும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் இங்கே நிற்கும். 2024 ஜூலை கடைசியில் அப்படித்தான் ஆனது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டியது, 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. அந்த ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்கவே தடை.

அணைத் தண்ணீராவது சொல்லிவிட்டு வரும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டில் ராத்திரி கொட்டிய மழை சொல்லாமல் வரும். அதனால் துறைக்குப் போனதும் தண்ணீரை ஒட்டிய ஒரு பாறையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவோம். ஆட்கள் ஜாக்கெட் மாட்டி முடிப்பதற்குள் கோடு நனைந்துவிட்டாலோ, தண்ணீர் செம்மண் நிறமாகிச் சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ அன்றைக்குப் பயணம் கிடையாது.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2015 மார்ச்சில் இங்கே பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தினர் பலர் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் மாட்டியிருப்பதும் சரியாக மாட்டியிருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று, ஜாக்கெட்டின் இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பேன். காதுவரை ஏறி வந்தால் தண்ணீரில் ஆள் கீழே போவான், ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டி நாடாவால் சுற்றிக் கட்டுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. குழந்தை அளவு கிடைக்காவிட்டால் குழந்தை கரையில் இருக்கட்டும், துணைக்கு ஒரு பெரியவர் இருக்கட்டும். இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பரவாயில்லை.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, தார் பூசிய வட்டக் கூடை அது. நடுவில் பாரம் இருக்கும்வரை சொன்னபடி கேட்கும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். பள்ளத்தாக்குக்குள் எதிரே இன்னொரு பரிசலில் சிப்ஸும் குளிர்பானமும் விற்றுக்கொண்டு வருவார்கள். வியாபாரியின் பரிசல் பக்கத்தில் வந்ததும் நான்கு கைகள் ஒரே நேரத்தில் நீளும். இதை ஏறும் முன்பே சொல்லிவிடுகிறோம்: வாங்குவது ஒருவர் மட்டும், மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். செல்ஃபிக்கும் அதே விதிதான். “அண்ணே, ஒரு சுத்து சுத்துங்கண்ணே” என்று ஓட்டுநரைக் கேட்பதும் எங்கள் குழுவில் கிடையாது. குடித்திருப்பவரை ஏற்றுவதில்லை, அதில் பேச்சே இல்லை.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே படுத்துக் காட்டச் சொல்வேன். மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். இடுப்பளவுத் தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். பார்ப்பவர்கள் குதிக்கக் கூடாது, கயிறு வீச வேண்டும். வரிசையின் கடைசியில் நீச்சல் தெரிந்த இருவரோடும் கயிற்றோடும் ஒரு பரிசல் பயணிகள் இல்லாமல் வரும். பாறைகளுக்கு நடுவே செல்போனை நம்ப முடியாது என்பதால் பரிசலுக்கு ஒரு விசில். மூன்று முறை ஊதினால் எல்லாப் பரிசலும் கரை ஒதுங்கும். மூழ்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் பொன்னான நேரத்தைத் தின்னும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு கொடுத்து, பிறகு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அதே சமயம் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. போகலாமா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை பரிசல் ஓட்டுநருடையது. சிறு வயதிலிருந்து இந்தச் சுழிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் பயணம் நடந்தால்தான் அவர்களுக்குக் கூலி. தடை விழுந்தால் அடுப்பெரியாத வீடுகள் அவர்கள் வாழும் ஊட்டமலையில் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய், “இவ்வளவு தூரம் வந்துட்டோம், பார்த்துப் போலாம்ண்ணே” என்று கெஞ்சினால் அவர் மறுப்பது கஷ்டம். அதனால் பயணம் ரத்தானாலும் நாங்கள் பேசிவைத்த ஓட்டுநர்களுக்குப் பாதிக் கூலி கொடுத்துவிடுகிறோம். முதல் நாளே அதை அவர்களிடம் சொல்லியும் விடுகிறோம். குழுவாக வருகிற எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். செலவுக் கணக்கில் லைஃப் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தொகையையும் எழுதிவிடுங்கள்.